18 வயதுக்குள் இணையத்தில் கணக்கு தொடங்க பெற்றோர் ஒப்புதல்: நடக்கிற காரியமா?

தறிக்காரன்:
டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதன் 9ஆம் பிரிவுப்படி, 18 வயது நிரம்பாதவரின் தனிப்பட்ட தரவைக் கையாளும் முன் நிறுவனங்கள் பெற்றோரிடம் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் வாங்க வேண்டும். மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். 2025 நவம்பரில் விதிகளும் வந்தாயிற்று. ஒப்புதல் பகுதி அமலாக 18 மாத அவகாசம்.

எனக்கு இது வேலைக்காகும் என்று தோன்றவில்லை. எங்கள் வீட்டில் கேஸ் பதிவதிலிருந்து ஈபி பில் கட்டுவது வரை ஒன்பதாவது படிக்கும் மகள்தான். ஓடிபி வந்தால் என் மனைவி கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் மகள் எண்ணைப் போட்டு முடித்திருப்பாள். நாளைக்கு 'அம்மா ஒப்புதல்' கேட்டாலும் அமுக்கப்போவது அதே விரல்.

வேப்பங்குச்சி:
அது உங்கள் வீட்டுப் பழக்கம் அண்ணா, சட்டம் என்ன செய்யும்? ஒப்புதல் தருபவர் பெரியவர்தானா என்று நிறுவனம் உறுதி செய்ய வேண்டும். ஏற்கெனவே அதனிடம் உள்ள அடையாள விவரத்தை வைத்துப் பார்க்கலாம், அரசின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் வழியாக வரும் டோக்கனையும், அதாவது வயதை உறுதிசெய்யும் மின்னணுக் குறியீட்டையும், ஏற்கலாம்.

தறிக்காரன்:
எனக்கு டிஜிலாக்கர் திறந்து கொடுத்ததே அவள்தான்! சரி, நான் பெரியவன் என்று தெரிந்துவிடும். இந்தப் பிள்ளைக்கு நான்தான் அப்பா என்று அதில் எங்கே இருக்கிறது?

மூணாம்பெஞ்ச்:
அப்பா குவைத்தில் இருந்ததால் நான் பாட்டியிடம் வளர்ந்தவன். பள்ளிக்கூடப் படிவத்தில் எல்லாம் பாட்டியின் கைநாட்டுதான். சட்டம் கேட்பது பெற்றோர் அல்லது சட்டப்படியான பாதுகாவலர். பாட்டி எந்தக் கணக்கில் வருவார்? அப்புறம், பிள்ளைகளின் இணையத் தரவுக்கான அமெரிக்காவின் காப்பா சட்டம் 13 வயதோடு நிற்கிறது. ஐரோப்பாவில் 16, அதையும் நாடுகள் 13 வரை இறக்கிக்கொள்ளலாம். இங்கே எட்டு வயதுப் பையனும் நீட் எழுதப்போகிற பெண்ணும் ஒரே தராசில்.

வேப்பங்குச்சி:
18 அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாரும் ஒப்புதலையே பிடித்துத் தொங்குகிறீர்கள். பிள்ளைகளின் நடவடிக்கையைக் கண்காணிக்கக் கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. பள்ளி, மருத்துவமனை போன்ற சிலவற்றுக்குத்தான் அளவோடு விலக்கு. என் பையன் ஒரு தடவை கிரிக்கெட் மட்டை விலை பார்த்தான்; அப்புறம் பல நாள் அவன் போனில் பந்தய விளம்பரமாகவே வந்தது. எனக்கு இந்தச் சட்டம் வேண்டும் என்பது அதற்காக.

தறிக்காரன்:
அதை நான் எதிர்க்கவில்லை தம்பி. ஆனால் போனைப் பிடித்திருப்பது பிள்ளையா பெரியவரா என்று நிறுவனத்துக்கு எப்படித் தெரியும்? அதைக் கண்டுபிடிக்க நாம் எல்லாருமே வயதுக்குச் சான்று நீட்ட வேண்டிவரும். தரவைப் பாதுகாக்க இன்னும் கொஞ்சம் தரவு!

மீதி ராத்திரி எழுதுகிறேன். மகள் போனைக் கேட்கிறாள், ஈபி பில்லுக்கு இன்றுதான் கடைசி நாளாம்.