நுரையாகிவிடும் விதி: 'மெர்மெய்ட் மெலடி' முதல் எபிசோடு குறித்து ஓர் ஐயம்

கேள்வி

'மெர்மெய்ட் மெலடி பிச்சி பிச்சி பிட்ச்' என்ற அனிமேயின் (ஜப்பானிய அனிமேஷன் தொடரின்) முதல் எபிசோடை நேற்றிரவு பார்த்தேன். வட பசிபிக் கடலின் கடற்கன்னி இளவரசியான லுசியா, ஏழு ஆண்டுகளுக்கு முன் கடலில் காப்பாற்றிய சிறுவனிடம் கொடுத்துவிட்ட இளஞ்சிவப்பு முத்தைத் தேடிக் கரைக்கு வருகிறாள். அந்தச் சிறுவன்தான் இப்போது அலைச்சறுக்கில் கெட்டிக்காரனாக இருக்கும் கைட்டோ. தன்னைக் காப்பாற்றிய கடற்கன்னியை அவன் மறக்கவே இல்லை. எதிரில் நிற்கும் பெண்தான் அவள் என்பது மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. அவள் வாய் திறந்தால் தீர்ந்துவிடும் இந்தச் சிக்கலை, 'தான் யாரென்று சொன்னால் நுரையாகிவிடுவாள்' என்ற விதியைப் போட்டுக் கட்டிவைத்திருக்கிறார்கள். கதையை இழுப்பதற்கென்றே வைத்த விதியா இது?

முதல் மறுமொழி

அந்த நுரை 1837இல் வெளிவந்த, டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் கடற்கன்னிக் கதையிலிருந்து வந்தது. அங்கே அவள் கால்களுக்கு விலையாகத் தன் குரலையே கடல் சூனியக்காரியிடம் கொடுத்துவிட்டு, இளவரசன் வேறொருத்தியை மணப்பதை ஊமையாக நின்று பார்க்கிறாள். இந்த அனிமேயில் குரலை எடுத்துக்கொள்ளவில்லை. மாறாக, அதுவே ஆயுதமாகிறது. லுசியா மைக்கைப் பிடித்துப் பாடத் தொடங்கியதும் கடல் அரக்கர்கள் துடிக்கிறார்கள். பாடி முடித்த கையோடு 'இன்னொரு முறை பாடட்டுமா?' என்று அவர்களையே கேட்கிறாள். (அந்தக் குறும்புக்காகவே எனக்கு இவளைப் பிடிக்கும்.) எதிரியை விரட்டும் அதே வாயால் ஒரே ஒரு உண்மையை மட்டும் சொல்ல முடியாது என்பதில்தான் விதியின் கூர்மை இருக்கிறது. ஜப்பானின் பழைய கடற்கன்னிக் கதைகளில் இந்த நுரையைப் பார்த்த நினைவில்லை. கடற்கன்னியின் இறைச்சியைத் தின்றுவிட்டு எண்ணூறு ஆண்டுகள் வாழ்ந்த துறவிப் பெண்ணின் கதைதான் அங்கே பெயர்பெற்றது.

இரண்டாம் மறுமொழி

இழுக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. 2003 ஏப்ரலில் தொடங்கிய முதல் பருவம் 52 எபிசோடுகள். அதன் தொடர்ச்சியான 'ப்யூர்' மேலும் 39. எனினும் விதியின் சொற்களைக் கவனியுங்கள்: கடற்கன்னி தானாகச் சொல்லக் கூடாது என்பதுதான் தடை; மனிதன் தானாகக் கண்டுபிடித்துக்கொண்டால் அவளுக்கு எதுவும் ஆகாது. எனவே பாரம் முழுவதும் கைட்டோவின் கண்களுக்கு மாறிவிடுகிறது. கடல்நீர் பட்டால் கால் வாலாகிவிடும் ஒருத்தி, ஓயாமல் கடற்கரையில் திரியும் ஒருவனிடமிருந்து ஒளிந்துகொண்டே, அவன் கண்டுகொள்ள மாட்டானா என்றும் ஏங்குகிறாள். முதல் எபிசோடிலேயே இந்த இரட்டை நிலை வந்துவிடுகிறது.

கேட்டவர்

சொல்வதற்குத்தான் தடை, கண்டுபிடிப்பதற்கு இல்லை என்பதை நான் அறவே கவனிக்கவில்லை. கைட்டோவை மந்தபுத்திக்காரன் என்று எண்ணி எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அதே காட்சிகளை மறுபடி ஓட்டிப் பார்க்கையில், அவன் அவளை ஒரு கணம் கூடுதலாக உற்றுப் பார்க்கும் இடங்களில் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆனாலும், ஒளிந்து வாழ வேண்டிய கடற்கன்னிகள் ஊரார் வந்து குளிக்கும் குளியல் இல்லத்தில் குடியிருப்பதை எந்த விதியால் நியாயப்படுத்துவது?