பழைய மாருதி 800: நீலப்புகைக்கு என்ஜினை இறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி – குலசேகரத்திலிருந்து

அனைவருக்கும் வணக்கம். 1998-ஆம் ஆண்டு வாங்கிய, கார்புரேட்டர் உள்ள மாருதி 800 ஒன்று இன்னும் என்னிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. மீட்டர் 1,14,000 கிலோமீட்டர் காட்டுகிறது. குடும்பத்தோடு போய்வருவதற்கும், மாதத்தில் இரண்டு மூன்று முறை பின் இருக்கையை மடக்கி ரப்பர் ஷீட் ஏற்றிச் செல்வதற்கும் தவிர வேறு வேலை அதற்கு இல்லை.

நான்கு மாதங்களாக, இரவு முழுவதும் நிறுத்தி வைத்த வண்டியைக் காலையில் எடுக்கும்போது சைலன்சரிலிருந்து நீல நிறத்தில் புகை வந்து, அரை நிமிடத்தில் தானாக நின்றுவிடுகிறது. தக்கலை வழியாக நாகர்கோவில் செல்லும் சமதளச் சாலையில் ஒரு பொட்டுப் புகைகூட இல்லை. ஆனால் சென்ற மாதம் பாலமோர் தோட்டத்தில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குப் போய்விட்டு, இரண்டாவது கியரில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தபடியே கீரிப்பாறை வரை இறங்கி, கீழே வந்து ஆக்சிலேட்டரை மிதித்ததும் பின்னால் வந்த பைக்காரர் மறையும் அளவுக்குப் புகை கிளம்பியது. நம் வீட்டுக்குப் புகைக்கூடு ஒன்று போதாதா என்று மனைவி கேட்டார்.

டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டில் இருக்கும் ஆயில் 900 கிலோமீட்டர் ஓடுவதற்குள் கீழ்க் கோட்டுக்கு வந்துவிடுகிறது. தரையில் ஒழுகலும் இல்லை, ரேடியேட்டரில் தண்ணீரும் குறையவில்லை. ஒரு மெக்கானிக் வண்டியைப் பார்த்ததுமே என்ஜினை இறக்கி, போர் அடித்து (தேய்ந்த சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கி), பிஸ்டனும் அதைச் சுற்றியுள்ள ரிங்கும் புதிதாகப் போட 32,000 ரூபாய் ஆகும் என்றார். இன்னொருவர் கனமான ஆயிலை ஊற்றி ஒரு வருடம் ஓட்டிவிட்டு விற்றுவிடச் சொன்னார். விற்க எனக்கு மனமில்லை. இருவரில் யார் சொல்வதைக் கேட்பது என்று அனுபவம் உள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் – மார்த்தாண்டம், பட்டறை வைத்திருப்பவர்

ஐயா, இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். நீலப்புகை என்றால் எரியறைக்குள் ஆயில் எரிகிறது என்பது மட்டுமே உறுதி. அது எந்த வழியாக உள்ளே போகிறது என்பதைப் புகை வரும் நேரத்தை வைத்துத்தான் ஊகிக்க முடியும். அந்த நேரத்தை நீங்கள் தெளிவாகக் கவனித்து எழுதியிருப்பதால் பாதி வேலை முடிந்துவிட்டது.

வண்டி நிற்கும்போது ஹெட்டின் (சிலிண்டர்களை மூடி, வால்வுகளைத் தாங்கும் பாகத்தின்) மேல்பகுதியில் தங்கிய ஆயில், வால்வுத் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான வால்வு ஆயில் சீல் இறுகிப்போயிருந்தால், வால்வுத் தண்டு வழியாக மெல்ல வடிந்து இரவில் கீழே இறங்கிவிடும். காலையில் முதலில் எரிவது அதுதான், அதனால்தான் அரை நிமிடத்தில் புகை நின்றுவிடுகிறது. இறக்கத்தில் நடப்பதும் இதையொட்டியதே. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு கியரில் இறங்கும்போது கார்புரேட்டரின் தகடு மூடியிருக்க, பிஸ்டன்கள் மட்டும் காற்றை இழுத்துக்கொண்டே இருப்பதால், உள்ளிழுக்கும் குழாயில் கடுமையான வெற்றிடம் உண்டாகி, இன்டேக் வால்வுகளின் சீல் வழியாக ஆயிலை உறிஞ்சும். நீங்கள் மீண்டும் மிதிக்கும்போது சேர்ந்தது அத்தனையும் ஒன்றாக எரிந்து வெளியேறும். ரிங் தேய்ந்த வண்டி பெரும்பாலும் ஏற்றத்தில், பாரம் இழுக்கும்போது விடாமல் புகையும். என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கிருந்தும் புஸ் புஸ்ஸென்று காற்று தள்ளும்.

ஆகவே என் சந்தேகம் வால்வு சீல் மீதுதான். ஆனால் சந்தேகத்துக்காக யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். முதலில் ஏர் கிளீனரைத் திறந்து உள்ளே ஆயில் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். வால்வு மூடியிலிருந்து வரும், என்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாயோ பி.சி.வி. வால்வோ அடைத்திருந்தால், என்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, நல்ல சீலும் நல்ல ரிங்கும் உள்ள வண்டிகூட ஆயில் குடிக்கும். பிறகு கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தத்தை மீட்டர் வைத்துப் பாருங்கள். என்ஜின் சூடாக இருக்க வேண்டும். மூன்று பிளக்கையும் கழற்றி, காயில் வயரை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்தபடி ஐந்தாறு சுற்று ஸ்டார்ட்டர் அடிக்க வேண்டும். பேட்டரி வலுவில்லாமல் எடுத்த அளவு எதற்கும் உதவாது. இந்த என்ஜினில் சதுர சென்டிமீட்டருக்கு 12, 13 கிலோ வாக்கில் காட்டினால் நல்ல நிலை. மூன்றுக்கும் இடையே 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட் தகடு.

பதில் – கோட்டாறிலிருந்து

மேலே எழுதிய அண்ணாச்சியின் வழிமுறை சரியானதே. ஆனாலும் இரண்டு இடங்களில் எச்சரிக்கை சேர்க்க விரும்புகிறேன். இறக்கத்துப் புகையை மட்டும் வைத்து வால்வு சீல் என்று முடிவு கட்டக் கூடாது, ஏனென்றால் அதே வெற்றிடம் தேய்ந்த ஆயில் ரிங்கைத் தாண்டியும் கீழிருந்து ஆயிலை மேலே இழுக்கும். இரண்டாவது, ரிங்குகளில் கம்ப்ரஷன் மீட்டர் அளப்பது மேலே உள்ள கம்ப்ரஷன் ரிங்குகளை மட்டுமே. கீழே உள்ள ஆயில் ரிங் கரி பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் நல்ல அளவைக் காட்டும். காலைப் புகைதான் இங்கே நம்பத்தக்க சாட்சி.

இதை எழுதக் காரணம், என் தந்தையின் பிரீமியர் பத்மினி கார். அதுவும் காலையில் புகைந்தது. நாங்கள் எதையும் அளக்காமல், ஒரு பட்டறையில் சொன்னதை நம்பி என்ஜினை இறக்கி, ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு எடுத்து வந்தோம். மறுநாள் காலையிலும் அதே புகை. ஹெட்டைத் திறந்தபோது சீலை மட்டும் மாற்றிவிட்டு, தேய்ந்து ஆடிக்கொண்டிருந்த வால்வு கைடுகளை (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்களை) யாரும் தொடவில்லை என்பது பின்னர்தான் தெரிந்தது. கைடில் தண்டு ஆடினால் புதிய சீல் சில மாதங்களிலேயே வாய் விரிந்துவிடும். அந்தச் செலவை அப்பா கடைசி வரை சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்.

கனமான ஆயிலையும் ஊற்றிப் பார்த்தவன் நான். புகை சற்றுக் குறையும், ஆனால் இறுகிய ரப்பர் அதனால் இளகப்போவதில்லை. மறுபுறம் குளிர்ந்த என்ஜினில் ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். சீலை ஊறவைக்கும் மருந்து என்று கடைகளில் விற்பதும் தற்காலிகமே.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை, தெரிந்த ஒருவரிடம் மீட்டர் வாங்கி நானே உடனிருந்து பார்த்தேன். வரிசையாக 12.4, 12.1, 11.8 கிலோ காட்டியது. முதல் இரண்டு பிளக்குகளும் செங்கல் நிறத்தில் காய்ந்திருந்தன. மூன்றாவது மட்டும் கறுத்து, முனையில் ஆயில் ஈரம் இருந்தது. பிரீதர் குழாயில் கறுப்புக் களி அடைத்திருந்ததை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். அதன் பின் ஆயில் குறையும் வேகம் சற்றே தணிந்தது, காலைப் புகையில் மாற்றம் இல்லை. மூடியைத் திறந்தால் காற்றும் தள்ளவில்லை.

பதில் – மார்த்தாண்டம்

அப்படியானால் ஹெட்டை மட்டும் இறக்குங்கள், என்ஜின் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். பிளக் துவாரம் வழியாகக் கயிற்றைத் திணித்து வால்வு விழாமல் தாங்கிக்கொண்டு, ஹெட்டை இறக்காமலே சீல் மாற்றுபவர்களும் உண்டு. கோட்டாறு நண்பர் சொன்ன கைடு விஷயத்தை அந்த முறையில் முழுதாகப் பார்க்க முடியாது என்பதால் உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஹெட்டை லேத்துக்குக் கொண்டு போகும்போது நீங்களும் கூடவே போங்கள். ஒவ்வொரு வால்வையும் சற்று வெளியே தள்ளிப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்; ஆட்டம் உள்ள கைடை மாற்றினால் அந்த வால்வு உட்காரும் சீட்டையும் மீண்டும் வெட்டி, லேப்பிங் செய்தாக (பசை தடவித் தேய்த்துப் பொருத்தியாக) வேண்டும். ஹெட்டின் அடிப்பரப்பு வளைந்திருக்கிறதா என்று நேர்சட்டம் வைத்துப் பார்க்கட்டும். ஆறு வால்வுக்கும் சீல் மாற்றுங்கள். விலை சற்று அதிகமானாலும் வெப்பம் தாங்கும் ‘விட்டான்’ (Viton) ரப்பர் வகையைக் கேளுங்கள். டைமிங் பெல்ட் எப்படியும் கழலும், பழையதைத் திரும்பப் போட விடாதீர்கள்.

ஹெட் இறங்கியதும் செய்ய வேண்டிய முக்கியமான காரியம் ஒன்று உண்டு. சிலிண்டரின் மேல் விளிம்புக்குக் கீழே விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தடுக்கும்படி வரம்பு இருந்தால் போர் தேய்ந்திருக்கிறது. சுவரில் குறுக்கு மறுக்காக மெல்லிய கோடுகள் இன்னும் தெரிந்தால் ரிங்கைத் தொட யாரையும் அனுமதிக்க வேண்டாம்.

பதில் – குளச்சலிலிருந்து

புகைச் சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோல் வண்டிக்கு அங்கே அளப்பது ஐட்லிங்கில் வரும் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும்தான். உங்கள் காலத்து வண்டிக்கு வரம்பு முறையே 3 சதவீதமும் 1500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 1500 பங்கு) அளவும். சூடான என்ஜினில் புகை நின்றுவிடுவதால் உங்கள் வண்டி தேறிவிடக் கூடும். சான்றிதழ் கிடைத்துவிட்டது என்பதற்காகக் கோளாறு இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். கடலோரத்தில் இருக்கும் எங்களுக்கு வேறொரு தொல்லையும் உண்டு: உப்புக் காற்றில் ரேடியேட்டரின் தகடுகள் அரித்து உதிர்ந்து, ஒருமுறை என்ஜின் கொதித்துவிட்டால், ரிங்குகள் விறைப்பை இழந்து நிரந்தரமாக ஆயில் குடிக்கத் தொடங்கும். ஹெட் வேலையோடு ரேடியேட்டரையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி கேட்டவர்

வேலை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. பழைய சீல்களை விரலால் அழுத்தினால் பிளாஸ்டிக் போல ஒடிந்தன. மூன்றாவது சிலிண்டரின் இன்டேக் வால்வு கைடில் மட்டும் நன்றாகத் தெரியும் ஆட்டம் இருந்தது. அதை மாற்றி, சீட் வெட்டி, லேப்பிங் செய்தார்கள். போரில் நகம் தடுக்கவில்லை, கோடுகளும் தெரிந்தன. கேஸ்கெட், டைமிங் பெல்ட், கூலி எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய் ஆயிற்று.

முதல் இரண்டு நாளும் புகை வந்ததைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. சைலன்சருக்குள் தேங்கிய பழைய ஆயில் எரிந்து தீர வேண்டும் என்று மெக்கானிக் சொன்னதை நான் முழுதாக நம்பவில்லை, ஆனால் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு அது நின்றுவிட்டது. நேற்று வேண்டுமென்றே பாலமோர் ஏறி, அதே இரண்டாவது கியரில் இறங்கி வந்தேன். கீழே மிதித்தபோது மைத்துனர் பைக்கில் பின்னால் வந்தார். மிக மெல்லிய ஒரு கீற்று மட்டும் தெரிந்ததாகச் சொல்கிறார். 700 கிலோமீட்டரில் டிப்ஸ்டிக்கில் ஆயில் ஒரு நெல்மணி அளவு இறங்கியிருக்கிறது. இதற்கு மேல் எதையும் கழற்றப்போவதில்லை.