ராணியும் மந்திரியும் ஒரே கோணத்தில் நின்றும் தாக்குதல் ஏன் கைகூடவில்லை?

கேள்வி

வணக்கம். சதுரங்கக் காய்களின் நகர்வுகளும் மதிப்புகளும் எனக்குத் தெரியும். ஆனாலும் என் காய்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஆடுவது போலத்தான் ஆட்டம் அமைகிறது. நேற்று நான் வெள்ளைக் காய்களுடன் ஆடினேன். டி3இல் மந்திரியையும் அதன் பின்னால், அதே கோணத்தில் (மூலைவிட்டத்தில்), சி2இல் ராணியையும் நிறுத்தினேன். எதிராளியின் ராஜா கோட்டை கட்டி (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம்மாற்றி) ஜி8இல் இருந்தது. எஃப்8இல் யானை, எஃப்7, ஜி7, எச்7 கட்டங்களில் சிப்பாய்கள். எஃப்6இல் காவலுக்குக் குதிரை இல்லை. மந்திரியால் எச்7 சிப்பாயை வெட்டிச் செக் வைத்தேன். ராஜா எச்8க்கு ஒதுங்கியது. பிறகு அவர் சிப்பாயை ஜி6க்குத் தள்ளியதும் என் மந்திரி வெளியேற வழியின்றி அகப்பட்டுக்கொண்டது. ஒன்றுக்கொன்று துணையாக நிறுத்திய பிறகும் எங்கே பிழை நேர்ந்தது?

பதில் 1

காய்களைத் தேர்ந்ததில் பிழையில்லை, அவற்றை நிறுத்திய வரிசையில்தான் பிழை. அதே நிலையில் ராணி டி3இலும் மந்திரி சி2இலும் இருந்திருந்தால், ராணி எச்7ஐ வெட்டியவுடன் ஆட்டம் முடிந்திருக்கும்: பின்னாலிருந்து மந்திரி காப்பதால் ராஜாவால் ராணியை வெட்ட இயலாது, எச்8 ராணியின் பார்வையில் இருக்கிறது, எஃப்8இல் அவருடைய யானையே வழியை மறிக்கிறது. மந்திரி முன்னால் சென்றால் அது கோணத்தை மட்டுமே தாக்கும் காய் என்பதால் எச்8 திறந்தே கிடக்கும். இறுதி அடியை எந்தக் காய் கொடுக்க வேண்டுமோ அது முன்னே நிற்க வேண்டும், தாங்கும் காய் பின்னே நிற்க வேண்டும். எதிராளி முன்கூட்டியே ஜி6 தள்ளிக் கோணத்தை அடைக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சிப்பாய் அதுவரை காத்துவந்த எஃப்6, எச்6 ஆகிய கறுப்புக் கட்டங்கள் அப்போது காவலிழந்துவிடும்.

பதில் 2

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எதிராளியின் ராஜா எச்8இல் இருக்கிறது, உங்கள் குதிரை எஃப்6இல், யானை எச்7இல் செக் வைக்கிறது என்று கொள்ளுங்கள். குதிரை ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது: யானையைக் காக்கிறது, ராஜா தப்பிக்கக்கூடிய ஜி8ஐயும் அடைக்கிறது. மீதமுள்ள ஜி7ஐ யானை பார்த்துக்கொள்கிறது. இது மிகப் பழைய மேட் (ராஜா தப்ப வழியில்லாத இறுதிச் செக்). ராணியும் மந்திரியும் இன்றைய நகர்வுகளைப் பெற்றது 15ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில்தான், ஆனால் யானையும் குதிரையும் அதற்கு முன்பும் இப்படியே நகர்ந்தன.

மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்ப்பதால் இது புலப்படாது. இரண்டு மந்திரிகள், ஒரு மந்திரியும் ஒரு குதிரையும், இரண்டு குதிரைகள் ஆகிய மூன்று இணைகளுக்கும் வழக்கமான கணக்கில் 6தான். தனியாக நிற்கும் ராஜாவுக்கு எதிராக முதல் இணை எளிதில் மேட் செய்யும். இரண்டாவது இணையாலும் இயலும். ஆனால் மந்திரி செல்லும் நிறத்து மூலைக்கு ராஜாவைத் துரத்த வேண்டும், அதற்கு 33 நகர்வுகள் வரை தேவைப்படலாம். (வெட்டோ சிப்பாய் நகர்வோ இன்றி 50 நகர்வுகள் கடந்தால் சமன் கோரலாம் என்ற 50 நகர்வு விதியை மறந்து அரை மணி நேரம் துரத்திய வெட்கம் எனக்கு உண்டு.) இரண்டு குதிரைகளோ, எதிராளி தானாகத் தவறு செய்யாவிட்டால், மேட்டைக் கட்டாயப்படுத்த முடியாது.

பதில் 3

"ஒன்றுக்கொன்று துணையாக" என்ற சொல்லில்தான் எனக்கு ஐயம். இரு குதிரைகள் ஒன்றையொன்று காத்து நின்றால் பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் ஒன்று நகர்ந்தால் மற்றது காவலிழக்கும் என்பதால் இரண்டுமே கட்டுண்டு கிடக்கின்றன. அவற்றை டி4, இ4 கட்டங்களில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்: ஒன்றை மற்றொன்று காக்காது, ஆனால் ஒரே கட்டத்தை இரண்டும் பார்ப்பதுமில்லை, மொத்தம் 16 கட்டங்கள் வசமாகின்றன.

தாக்காமலே உதவுவதும் உண்டு. எதிராளியின் குதிரை ஏ5இல் இருக்க, உங்கள் மந்திரி டி5இல் நின்றால், குதிரை செல்லக்கூடிய பி3, சி4, சி6, பி7 ஆகிய நான்கும் மந்திரியின் பார்வைக்குள் வந்துவிடும். குதிரையை மந்திரி தொடுவதே இல்லை, பூட்டி மட்டும் வைக்கிறது. ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் உங்கள் ராஜா நிதானமாக நடந்து சென்று அதை வெட்டிக்கொள்ளலாம்.

கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. இன்றைய ஆட்டத்தில் மந்திரியை முதலில் பி1க்கு இழுத்துவிட்டு ராணியை சி2இல் நிறுத்தினேன். எதிராளி உடனே ஜி6 தள்ளினார். நீங்கள் சொன்னபடியே என் மற்ற மந்திரி எச்6இல் அமர்ந்தது, எஃப்8 யானை இடம்பெயர வேண்டியதாயிற்று. ஆனால் பி1 மந்திரிக்குப் பின்னால் என் ஏ1 யானை ஆட்டம் முடியும்வரை அடைபட்டே கிடந்தது.