குன்னூர்: 1968 ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் வாங்கியிருக்கிறேன். மலை இறங்கும் முன் சில சின்னக் கோளாறுகளுக்கு உதவி தேவை

ஹெரால்டுக்காரர் மகள், குன்னூர் (சனிக்கிழமை)

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவின் கொட்டகையில் பதினோரு ஆண்டுகளாக நின்றிருந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 காரைப் போன மாதம் வாங்கினேன். 1296 சிசி, இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர். என் அப்பா முப்பது ஆண்டுகள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஓட்டியவர். சென்னையில் தயாரான அந்த ஹெரால்டும் இங்கிலாந்தின் காவன்ட்ரியில் தயாரான இந்த ஸ்பிட்ஃபயரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். கார் வீட்டுக்கு வந்த அன்று பானெட்டை முன்பக்கமாகத் தூக்கியதும், அப்பா நேராகப் போய் முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டார். ஹெரால்டிலும் அப்படி உட்கார்ந்துதான் பிளக் மாற்றுவார். அதைப் பார்த்த பிறகு இந்தக் காரை விட எனக்கு மனமில்லை.

இனி கோளாறுகள். காலையில் சோக் இழுத்தால் உடனே கிளம்புகிறது. சூடான பிறகு கரும்புகை வருகிறது, பிளக்குகள் நான்கிலும் கரி படிகிறது. ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் இழுக்கிறது. பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் ஒன்றாகவே வலது கோடிக்குப் போய் நின்றுவிடுகின்றன. டேங்கில் பாதிகூட இல்லை, ரேடியேட்டரும் கொதிக்கவில்லை. பிரேக் மிதித்தால் பின்பக்க இண்டிகேட்டர் மங்குகிறது. போன ஞாயிறு ஊட்டிக்குப் போகும்போது அரவங்காடு தாண்டிய ஏற்றத்தில் நின்றுவிட்டது. இருபது நிமிடம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது.

இங்கே ஒருவர் இரண்டு கார்புரேட்டரையும் மாற்றச் சொல்கிறார். அடுத்த மாதம் அப்பாவின் கண் பரிசோதனைக்கு இந்தக் காரிலேயே கோவைக்கு இறங்க ஆசை. எதிலிருந்து தொடங்கட்டும்?

கொடைக்கானல் 1275

வணக்கம் அக்கா. கார்புரேட்டரை மாற்றவே மாற்றாதீர்கள். என்னிடம் இருக்கும் எம்.ஜி. மிட்ஜெட்டிலும் இதே எஸ்.யூ. எச்.எஸ்.2 இரட்டைதான். 2,100 மீட்டர் உயரத்தில் ஏழு ஆண்டுகளாக ஓட்டுகிறேன்.

கரும்புகைக்கு முதல் சந்தேகம் சோக். இந்தக் கார்புரேட்டரில் சோக் இழுத்தால் காற்று அடைபடாது. அடியில் இருக்கும் ஜெட், அதாவது பெட்ரோல் வரும் சின்னக் குழாய், கீழே இறங்கிப் பெட்ரோலைக் கூட்டிவிடும். நெடுநாள் நின்ற வண்டியில் சோக்கை உள்ளே தள்ளினாலும் ஜெட் மேலே திரும்பாமல் பாதியில் சிக்கிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்திவிட்டு, இரண்டு ஜெட்டையும் விரலால் மேலே தள்ளிப் பாருங்கள். ஒன்று நகர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது உயரம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறையும் அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை, அதனால் கலவை கெட்டியாகிறது. ஜெட்டுக்கு அடியில் இருக்கும் அறுகோண நட்டை மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும். ஒரு தடவைக்கு ஒரு முகம் மட்டும், இரண்டு கார்புரேட்டரிலும் ஒரே அளவு. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, பக்கத்தில் இருக்கும் சின்ன ஊசியால் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். திணறி அடங்கினால் குறைவு. ஒரு கணம் மட்டும் லேசாகக் கூடிவிட்டுப் பழைய வேகத்துக்கு வந்தால் சரியான அளவு.

எத்தனை முகம் திருப்பினீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம்தான். மலைக்குச் சரிசெய்த கலவையோடு சமவெளியில் கோவை வரை வேகமாகப் போனால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறும். கீழே இறங்கியதும் அதே அளவு திருப்பி வையுங்கள். வத்தலக்குண்டு போகும் ஒவ்வொரு முறையும் நான் இதைச் செய்கிறேன், இரண்டு நிமிட வேலை.

தயக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் எண்ணெய். கார்புரேட்டரின் தலையில் இருக்கும் மூடியைத் திருகி எடுத்தால் உள்ளே ஒரு குச்சி வரும். அந்தக் குழியில் எண்ணெய் இல்லையென்றால் பிஸ்டன் தடையில்லாமல் மேலே பாய்ந்து கலவை நீர்த்துப்போகும். 20 கிரேடு எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். குச்சியைத் திரும்ப வைக்கும்போது, திருகு பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்பே ஒரு தடை கைக்குத் தெரிய வேண்டும்.

லவ்டேல் ஒயர்மேன்

முள் இரண்டும் சேர்ந்து தப்பாகக் காட்டினால் முள்ளையும் டேங்கையும் கழற்ற வேண்டாம். அந்த இரண்டுக்கும் பொதுவாக ஒரு சின்னத் தகரப் பெட்டி இருக்கிறது, வோல்டேஜ் ஸ்டெபிலைசர். பேட்டரியின் 12 வோல்ட்டை விட்டுவிட்டுத் தந்து சராசரியாக 10 வோல்ட்டாக அனுப்புவதுதான் அதன் வேலை. அதன் உடல் எர்த் ஆகவில்லை என்றால் முழு 12 வோல்ட்டும் போய், இரண்டு முள்ளும் கோடிக்கு ஓடும். திருகாணியைக் கழற்றி, தகரத்தை உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து மறுபடி முறுக்குங்கள். நம் மலை ஈரத்தில் பத்துக்கு எட்டு வண்டி இதிலேயே சரியாகிவிடும் என்பது என் அனுபவம்.

பின்விளக்கும் அதே கதைதான். பிரேக் விளக்கின் மின்சாரம் திரும்பிப் போக எர்த் கிடைக்காமல் இண்டிகேட்டர் வழியாகப் போகிறது. கறுப்பு ஒயரைத் தேடுங்கள். லூகாஸ் ஒயரிங்கில் கறுப்பு என்றால் எர்த், பழுப்பு எப்போதும் உயிரோடு இருப்பது, வெள்ளை சாவி திருப்பினால் உயிர் வருவது, பச்சை அதுவே ஃப்யூஸ் தாண்டியது. பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், வெள்ளைக் கோடு வலது. இந்த ஒழுங்கை மனத்தில் வைத்தால் யாரும் இந்தக் காரின் ஒயரிங்கைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. குண்டுமுனை இணைப்புகள் ஒவ்வொன்றையும் இழுத்து, பச்சைப் பாசியைச் சுரண்டி, கொஞ்சம் வாஸ்லின் தடவிச் செருகுங்கள்.

வேலை தொடங்கும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். கழற்றும்போது எந்த முனை பாடியில் இணைந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். இங்கிலாந்தின் பழைய கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த்.

கோத்தகிரி தேயிலை

ஒரு கேள்வி. ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது?

ஹெரால்டுக்காரர் மகள், குன்னூர்

விற்றவரின் அப்பா பெயரில். அவர் காலமாகிவிட்டார்.

கோத்தகிரி தேயிலை

அப்படியென்றால் முதலில் மகன், வாரிசு என்ற முறையில் படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகுதான் படிவம் 29, 30 வழியாக உங்கள் பெயருக்கு வரும். அவர் ஊரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ஐம்பது வயது தாண்டிய கார் என்பதால் 2021இல் வந்த விதிப்படி வின்டேஜ் பதிவும் கேட்கலாம். ஆனால் அந்தப் பதிவு வாங்கினால் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம், அன்றாடப் போக்குவரத்துக்கு அனுமதியில்லை. அப்பாவை அழைத்துப்போக வேண்டுமென்றால் சாதாரணப் பதிவையே புதுப்பித்து வைத்திருங்கள்.

பழைய பட்டறைக்காரர், கோவை

வணக்கம் அம்மா. 1974 முதல் ஹெரால்டு வேலை பார்த்தவன். மேலே தம்பிகள் சொன்னதெல்லாம் சரி. ஏற்றத்தில் நின்ற விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்க வேண்டியிருக்கிறது.

முன் சக்கரத்துக்கு அடியில் இருக்கும் ட்ரன்னியனுக்குக் கடைசியாக எண்ணெய் வைத்தது யார், எப்போது?

ஹெரால்டுக்கும் ஸ்பிட்ஃபயருக்கும் இது பொது. சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த எஃகுத் தண்டின் அடிமுனையில் மரை இருக்கும். அந்த மரை ட்ரன்னியன் என்ற பித்தளைக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங் திருப்பும் ஒவ்வொரு முறையும் எஃகு மரை பித்தளைக்குள் சுழல்கிறது. அதற்குத் தேவை 90 கிரேடு கியர் ஆயில். கிரீஸ் உதவாது. கிரீஸ் அடித்தால் அது அடியிலேயே தங்கி, மேல் மரைக்கு ஏறாது. மேலே இருக்கும் ரப்பர் வழியாக மழைத் தண்ணீர் இறங்கும், எஃகு துருப்பிடிக்கும், ஒருநாள் ஸ்டியரிங் திருப்பும்போது தண்டு முறியும். முறிந்தால் சக்கரம் மடிந்து அந்தப் பக்கம் வண்டி உட்கார்ந்துவிடும்.

சமவெளியில் வீட்டு வாசலில் திருப்பும்போது முறிந்தவற்றைப் பார்த்திருக்கிறேன். மேட்டுப்பாளையம் சாலையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். பதினோரு ஆண்டு ஈரக் கொட்டகையில் நின்ற வண்டியில் அதைக் கழற்றிப் பார்க்காமல் உங்கள் அப்பாவை உட்காரவைத்து இறங்காதீர்கள். புகையும் முள்ளும் பொறுக்கும், இது பொறுக்காது.

சக்கரத்தைக் கழற்றி, தண்டைப் பித்தளைக் கட்டையிலிருந்து முழுக்கத் திருகி வெளியே எடுங்கள். மரைக்கு மேலே கழுத்துப் பகுதியை மண்ணெண்ணெயில் கழுவி, நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். குழி விழுந்திருந்தால் அந்தத் தண்டு வேண்டாம். இடதும் வலதும் மரை எதிரெதிர்த் திசை, கலந்துவிடாதீர்கள். திரும்பப் பூட்டும்போது கடைசிவரை திருகிவிட்டு, சக்கரம் இருபுறமும் முழுக்கத் திரும்பும் அளவுக்கு மட்டும் பின்வாங்குங்கள்.

அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். ஹெரால்டுக்கென்று தனியாக ஒரு ஆயில் துப்பாக்கி வைத்திருந்தாரா என்று.

ஹெரால்டுக்காரர் மகள், குன்னூர் (மறுநாள் இரவு)

ஐயா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் எழுந்து பரண் ஏறப் போனார். நான் தடுத்து நானே ஏறினேன். மாவு சல்லடைக்குப் பின்னால் பழைய துணியில் சுற்றி அந்தத் துப்பாக்கி இருந்தது. "ஆறாயிரம் மைலுக்கு ஒரு தடவை, மேலே கசியும்வரை அடிக்க வேண்டும்" என்றார். ஹெரால்டை விற்று இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

இன்று வலது பக்கம் கழற்றினோம். பித்தளைக் கட்டையிலிருந்து முதலில் வந்தது எண்ணெய் அல்ல, காபி டிகாஷன் நிறத்தில் தண்ணீர். அடியில் மெழுகுபோல் இறுகிய பழைய கிரீஸ். தண்டைக் கழுவியபோது மரை முடியும் இடத்தில், விரல்நகம் மாட்டும் ஆழத்துக்கு, மூன்று குழிகள். அப்பா நகத்தை வைத்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, தண்டை என் கையில் கொடுத்தார். இடது பக்கம் குழி இல்லை, ஆனால் அதுவும் வறண்டுதான் கிடந்தது. இரண்டு பக்கத்துக்கும் புதிய தண்டும் கட்டையும் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கிறேன். அதுவரை கார் நகராது.

பழைய பட்டறைக்காரர், கோவை

நல்ல முடிவு அம்மா. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

காத்திருக்கும் நாளில் அந்த ஏற்றத்துக் கோளாறைப் பாருங்கள். மறுபடி நின்றால் உடனே ஒரு பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பாருங்கள். ஸ்பார்க் இல்லையென்றால் காயிலோ கண்டன்சரோ சூட்டில் செத்துப்போகிறது. ஸ்பார்க் நன்றாக இருந்தால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிறது. இந்த எஞ்சினில் கார்புரேட்டரும் சைலன்சர் குழாயும் ஒரே பக்கம், மலையில் காற்றழுத்தம் குறைவு என்பதால் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் எப்படியும் மாற்றுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பரை அது கரைக்கும். ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று, ஓட்டுவது பற்றி. மார்க் 3இன் பின்சக்கரங்கள் வண்டி எடை குறையும்போது உள்பக்கமாக மடங்கும். வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடுவதோ பிரேக் அடிப்பதோ கூடாது, பின்பக்கம் வீசிவிடும். பிரேக்கெல்லாம் வளைவுக்கு முன்பே முடியட்டும். இரண்டாம் கியரில் மெல்ல இழுத்தபடி திரும்புங்கள். ஏறி வரும் வண்டிக்கு எப்போதும் வழி விடுங்கள்.

ஹெரால்டுக்காரர் மகள், குன்னூர் (ஐந்து வாரம் கழித்து)

விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். பின் கார்புரேட்டரின் ஜெட் சோக்கில் சிக்கித்தான் இருந்தது. சுத்தம் செய்து, இரண்டிலும் நட்டை இரண்டு முகம் ஏற்றினேன். பிளக் இப்போது வெளிர்ப்பழுப்பு. தலையில் எண்ணெய் சொட்டுக்கூட இல்லை, ஊற்றியதும் தயக்கம் போய்விட்டது. ஸ்டெபிலைசர் திருகாணியைத் தேய்த்ததும் முள் இரண்டும் உண்மை பேசுகின்றன. பின்விளக்கு எர்த்தும் சரி. பெட்ரோல் ஹோஸ் ஒன்று சைலன்சர் குழாயின் மேலேயே படிந்து கிடந்தது. புது ஹோஸை விலக்கிக் கட்டிய பிறகு ஊட்டிக்கு இரண்டு முறை போய்வந்தேன், நிற்கவில்லை. ஆர்.சி.க்குப் படிவம் 31 கொடுத்தாயிற்று.

புதிய ட்ரன்னியன்களுக்கு அப்பாதான் எண்ணெய் அடித்தார். மேல் ரப்பரைத் தாண்டி இரண்டு பக்கமும் கசிந்த பிறகே துப்பாக்கியைக் கீழே வைத்தார்.

நேற்று கோவைக்கு இறங்கினோம். பர்லியாரில் நிறுத்தி மங்குஸ்தான் வாங்கினோம், முன்சக்கர அடியைக் குனிந்து பார்த்தோம், ஈரமில்லை. மேட்டுப்பாளையத்தில் நட்டை இரண்டு முகம் இறக்கினேன். வேகமானி முள் மட்டும் நாற்பதைத் தாண்டினால் நடுங்குகிறது. கேபிளா, கியர்பாக்ஸ் முனையா என்று யாராவது சொன்னால் இந்த வாரமே பார்த்துவிடுவேன்.

கொடைக்கானல் 1275

கேபிள்தான் அக்கா. மீட்டர் பக்கம் கழற்றி உள் கம்பியை உருவுங்கள், துடைத்துவிட்டு அடியிலிருந்து முக்கால் பங்கு வரை மட்டும் லேசாகக் கிரீஸ் தடவுங்கள். மேல்முனையில் தடவினால் மீட்டருக்குள் ஏறிவிடும். கேபிள் எங்காவது சுருக்காக வளைந்திருந்தால் அதையும் தளர்த்திவிடுங்கள்.