ஒலிம்பஸ் ஓஎம்-1 ஒளிமானிக்கு எந்த பேட்டரி பொருந்தும்?

நண்பர்களுக்கு வணக்கம். என் மாமா எனக்குக் கொடுத்த ஒலிம்பஸ் ஓஎம்-1 ஃபிலிம் கேமராவின் ஒளிமானி (வெளிச்சத்தை அளக்கும் கருவி) குறித்து உங்கள் ஆலோசனை தேவைப்படுகிறது. ஷட்டர் முழுவதும் இயந்திர விசையில் இயங்குவதால், பேட்டரி இல்லாமலேயே 1 நொடி முதல் 1/1000 நொடி வரை எல்லா வேகங்களும் செயல்படுகின்றன. கையால் திருப்பிக் குவியம் அமைக்கும் லென்ஸும், விசாலமான அந்த வியூஃபைண்டரும் (இன்றைய கேமராக்கள் பலவற்றில் கிடைக்காத சுகம்) குறையின்றி உள்ளன.

ஒளிமானி மட்டும் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக வடிவமைக்கப்பட்டது. பாதரசத்தின் நச்சுத்தன்மையால் அது இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவுள்ள 1.5 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியைப் போட்டால் ஒளிமானியின் முள் ஒளியைக் கூடுதலாகக் காட்டுவதோடு, பேட்டரி தீரத் தீர மின்னழுத்தமும் இறங்குவதால், ஃபிலிம் வேகத்தை (ஃபிலிமின் ஒளி உணர்திறன், ஐஎஸ்ஓ) மாற்றி வைத்து ஈடுகட்டுவதும் நிலையான தீர்வாகாது. வண்ண நெகட்டிவ் இந்தப் பிழையை ஓரளவு தாங்கும். நான் விரும்பும் ஸ்லைடு ஃபிலிம் தாங்காது. காதுக்கருவிகளுக்கான 675 வகை பேட்டரி 1.4 வோல்ட் தந்தாலும், காற்று புகாமல் மூடியிருக்கும் ஒட்டுத்தாளை உரித்த பிறகு அதன் ஆயுள் குறைவு.

வெள்ளி ஆக்சைடு பேட்டரியுடன், மின்னழுத்தத்தைக் குறைக்கும் டையோடை உள்ளே பொருத்தியவர்கள் எவரேனும் இருப்பின், எவ்வகை டையோடு ஏற்றது, குறைந்த ஒளியிலும் அளவு சரியாக வருகிறதா என்பதைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.