புரோ ஸ்கேட்டர் 3+4: பழைய பாட்டெல்லாம் எங்கப்பா போச்சு?

பலகைப்_பையன்
மக்களே, டோனி ஹாக் ஸ்கேட்போர்டு கேம் இருக்கே, அதோட பழைய 3, 4 ரெண்டையும் சேத்துப் புதுசா பண்ண 3+4 ரீமேக் 2025 ஜூலைலயே வந்துச்சு, நான் இப்பதான் ஆஃபர்ல வாங்குனேன். கேம் செம, கை பழசை மறக்கவே இல்ல, ஆனா பாட்டு லிஸ்ட்டை திறந்தா பாதிக்கு மேல யாருன்னே தெரியல. ரெண்டு கேம் பாட்டையும் சேத்துப் பாத்தாலும் பழசுல ஒரு பத்துதான் தேறுது. 2020ல 1+2 வந்தப்ப சூப்பர்மேன், கெரில்லா ரேடியோ பாட்டெல்லாம் அப்படியே இருந்துச்சே, அதுக்கு மேல 37 புதுசும் போட்டாங்க. இதுல மட்டும் ஏன் இப்படி, காசு மிச்சம் பண்றாங்களா? நீங்களா இருந்தா எப்படி செலக்ட் பண்ணுவீங்க?

ரீல்_டு_ரீல்
காசும் ஒரு காரணமா இருக்கலாம் ப்ரோ. ஒரு பாட்டை கேம்ல போட ரெண்டு இடத்துல கையெழுத்து வாங்கணும், பாட்டு எழுதுனவங்க பக்கம் ஒண்ணு, அந்த ரெக்கார்டிங் எந்த லேபிள்கிட்ட இருக்கோ அங்க ஒண்ணு. இருபது வருஷத்துல லேபிளே கைமாறியிருக்கும், பேண்ட் பிரிஞ்சிருக்கும், ஒருத்தன் மாட்டேன்னாலும் முடிஞ்சது. ஆனா இதுல கேமுக்குப் பேர் குடுத்த ஸ்கேட்டர் டோனி ஹாக்கே தெரிஞ்சுதான் மாத்தியிருக்கார், சில பேண்டை வச்சுக்கிட்டு அவங்களோட வேற பாட்டை எடுத்திருக்கார், புதுசா எதையாவது கண்டுபிடிங்கன்னுதான் அவரோட எண்ணம். எனக்கு அது நியாயமாத்தான் படுது. 1999ல முதல் கேம் வந்தப்ப டெட் கென்னடிஸ் பேண்டை நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் சின்ன வயசுல ஸ்கேட் பார்க்ல ஓடுன பங்க் பாட்டுன்னு போட்டார், நமக்கு அது புதுசு, அப்படித்தானே ஒட்டிக்கிச்சு.

ஃபவுண்டரி_ராஜா
நியாயமாம்ல 😒 தல, 3ல முதல் லெவல் ஃபவுண்டரி, பட்டறை நெருப்பு, இரும்பு, அதுல மோட்டார்ஹெட் பேண்டோட ஏஸ் ஆஃப் ஸ்பேட்ஸ் பாட்டு பேஸ் கிட்டார் உறுமிக்கிட்டு ஆரம்பிக்கும் பாருங்க, அந்த லெவலும் அந்தப் பாட்டும் என் மண்டைல ஒண்ணாவே கிடக்கு. கண்டுபிடிக்கணும்னா நான் ஸ்பாட்டிஃபை போறேன், ரீமேக்னு பேரு வச்சு காசு வாங்குனா பழசைக் குடுக்கணும், அவ்ளோதான்.

ரெண்டு_நிமிஷம்
சண்டையை விடுங்க, செலக்ட் பண்றது எப்படின்னுதான கேட்டார். நான் முதல்ல பாக்குறது கடிகாரம். ஒரு ரன், அதாவது ஒரு தடவை ஆடுறது, 2 நிமிஷம், அதுனால இன்ட்ரோ நாப்பது செகண்ட் இழுக்குற பாட்டு எவ்ளோ நல்லதா இருந்தாலும் வேஸ்ட், அது சூடாகுறதுக்குள்ள நம்ம காம்போ (விடாம கோத்து அடிக்கிற ட்ரிக்) பாதி முடிஞ்சு கீழ விழுந்து கிடப்போம். ரமோன்ஸ் பேண்டோட பிளிட்ஸ்க்ரீக் பாப் 3ல ஏன் அப்படி பொருந்துச்சுன்னா மொத்த பாட்டே 2 நிமிஷம் 12 செகண்ட்தான், ஆரம்பிச்ச வேகத்துலயே முடிஞ்சிரும். அப்புறம் கலவை. வரிசையா நாலு பங்க் வந்தா காது மரத்துப் போயிரும், நடுவுல ஹிப்ஹாப் வந்து தலையை ஆட்ட வைக்கணும், கொஞ்சம் ஸ்கா, ஒரு மெட்டல். 2ல மெட்டல் பேண்ட் ஆந்த்ராக்ஸும் ஹிப்ஹாப் குரூப் பப்ளிக் எனிமியும் சேந்து பாடுன பிரிங் த நாய்ஸ் இருக்கே, அந்த ஒரே பாட்டுல ரெண்டு கூட்டமும் வந்துரும். இன்னொண்ணு யாரும் சொல்லமாட்டாங்க: கிரைண்ட் பண்றப்ப (கம்பி மேல சறுக்குறப்ப) ட்ரக், அதான் பலகைக்கு அடில சக்கரம் மாட்டுற அச்சு, இரும்புல உரசுற சத்தம் காதுல விழணும், பேலன்ஸ் பிடிக்கிறதுல பாதி அதை வச்சுத்தான். டிரம்ஸ் சிம்பலை நிறுத்தாம அடிச்சு எல்லாத்தையும் மூடுற மிக்ஸ் வந்தா நான் தூக்கிருவேன். ஹிட்டா இல்லையாங்கிறது கடைசிதான்.

சிடி_கடை_வாரிசு
எனக்கு இந்தக் கவலையே இல்ல மக்கா 😂 எங்க ஊர் சிடி கடைல வித்த காப்பில இடம் பத்தலன்னு பாட்டையே உருவிட்டானுங்க, நான் 2 முழுசா சக்கர சத்தத்துலயே ஆடி முடிச்சேன். கெரில்லா ரேடியோவே 2020லதான் எனக்கு அறிமுகம். அதுனால 3+4 லிஸ்ட் எனக்கு அப்படியே இறங்குது, ரெண்டு மூணு பாட்டு சொதப்பல், மத்ததெல்லாம் ஓகே.

ஃபவுண்டரி_ராஜா
@சிடி_கடை_வாரிசு யோவ் நீ பேசவே கூடாது 😂 என்64 (நிண்டெண்டோ 64) கன்சோல்ல ஆடுனவன்கூட பரவால்ல, கேட்ரிட்ஜ்ல இடமில்லன்னு அவனுக்குப் பாட்டை வெட்டியாவது குடுத்தான்.

பலகைப்_பையன்
@ரெண்டு_நிமிஷம் அண்ணே, இன்ட்ரோ மேட்டர் சரியா சொன்னீங்க, நேத்து எரிச்சல் படுத்துன பாட்டெல்லாம் யோசிச்சா மெதுவா ஆரம்பிக்கிறதுதான், புதுசுங்கிறதால இல்ல. ஆப்ஷன்ல ஒவ்வொரு பாட்டா ஆஃப் பண்ணலாம், அதுல ஆறு ஏழை கழட்டிட்டேன். ராஜா அண்ணே, உங்களுக்கு மியூசிக்கை ஜீரோல வச்சுட்டு பக்கத்துல ஃபோன்ல பழைய லிஸ்ட்டை ஓட விடுறதுதான் வழி. நான் ஏர்போர்ட் லெவல்ல மாட்டிக்கிட்டு நிக்கிறேன், அதுக்குத் தனியா ஒரு திரெட் போடுறேன்.