ஒன்னாப்பு அட்மிஷனுக்கு கக்குவான் ஊசி அட்டை கேக்குறது சரியா?

ஆனையூர் அப்பா:
பையன ஒன்னாப்புல சேக்கப் போனேன், 5 வயசு டிபிடி பூஸ்டர் (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூணுக்கும் சேத்துப் போடுற ஊசி) போட்ட அட்டை இருந்தாத்தான் சீட்டுன்னுட்டாங்க. இது கட்டாயம்னு நாடு முழுக்க ஒரு சட்டமும் இல்ல, இவங்க யாரு சொல்றதுக்கு? ஒன்னரை வயசுல போட்டப்ப ராத்திரி பூரா காய்ச்சல்ல அனத்துனான், தொடை கல்லு மாதிரி வீங்கி கால மடக்க முடியல, அதுக்கப்பறம் எனக்கு மனசே வரல. கக்குவான்லாம் இப்ப யாருக்கு வருது, எங்க அப்பத்தா காலத்து நோய்.

செல்லூர் அம்மா:
என் மகளுக்கு வந்துச்சுண்ணே. பொறந்து 40 நாளு, மொத ஊசியே 6 வாரத்துலதான. மூத்தவன் ஒன்னாப்பு, அவனுக்கு பூஸ்டர் விட்டுப்போச்சு, மூணு வாரமா இருமுனான், சளின்னு நெனச்சு கற்பூரவள்ளிச் சாறு குடுத்துட்டு இருந்தோம். பாப்பா இருமக்கூட இல்ல, திடீர்னு மூச்சு நின்னு ஒதடு நீலமாயிரும், தோள்ல போட்டு தட்டுனா ஒரு இழுப்பு இழுத்து திரும்ப அழும். 11 நாளு ஐசியூ.

வாடிப்பட்டி வாசகர்:
கேக்கவே கஷ்டமா இருக்கும்மா. ஆனா ஊசி போட்டவங்களுக்கும்தான வருது, சில வருசத்துல சக்தி கொறஞ்சிருதாம்ல, அப்பறம் எதுக்கு கட்டாயம்?

மேலூர் நர்ஸம்மா:
கொறையுதுன்னுதான்யா 5 வயசுல பூஸ்டரே. 6, 10, 14 வாரத்துல பென்டா, அதாவது கக்குவானும் சேத்து அஞ்சு நோய்க்கான ஊசி, அப்பறம் டிபிடி ஒன்னரை வயசுல ஒன்னு, 5 வயசுல ஒன்னு. 10, 16 வயசுல போடுற டிடி ஊசில கக்குவானுக்கு மருந்து கெடையாது, அதனால அரசு ஊசில இதுதான் கடைசி, 7 வயசு தாண்டிட்டா டிபிடி போட மாட்டோம். காய்ச்சலும் வீக்கமும் ரெண்டு மூணு நாள்ல எறங்கிரும் தம்பி, ஜன்னி கின்னி வந்துருந்தா மட்டும் முன்னாடியே டாக்டர்ட்ட சொல்லிருங்க. தனியார்ல வலியில்லாத ஊசின்னு ஒன்னு இருக்கு, ஆனா அதோட பாதுகாப்பு சீக்கிரமா கொறையும். ஜப்பான்ல ஊசிக்கு அப்பறம் ரெண்டு கொழந்தை எறந்துருச்சுன்னு 1975-ல நிறுத்தி வச்சாங்க, பயத்துல நெறைய பேரு போடாம விட்டாங்க, 1974-ல ஒரு சாவுகூட இல்லாத நோய்க்கு 1979-ல 41 சாவு.

ஆனையூர் அப்பா:
சரிக்கா, நான் போட்டுர்றேன். ஆனா அட்டை இல்லன்னா சீட்டு இல்லங்குறத ஒத்துக்க மாட்டேன். செங்கச்சூளையில வேல பாக்குற குடும்பம் வருசத்துக்கு மூணு ஊரு மாறுது, அட்டைய எங்க வச்சிருக்கும்? 6 வயசுலருந்து 14 வரைக்கும் படிப்பு உரிமைன்னு 2009-லயே சட்டம் போட்டாச்சு, அந்தப் புள்ள வாசல்லயே நிக்கணுமா?

மேலூர் நர்ஸம்மா:
நிக்கக் கூடாதுப்பா. அட்டை தொலஞ்சா ஊசிய திரும்பப் போட்டுக்கலாம், புள்ளைய சேத்துக்கிட்டு பேர எங்கள்ட்ட குடுத்தா புதன்கெழம போட்டு விட்டுருவோம்.

செல்லூர் அம்மா:
வெளிய அனுப்புறது எனக்கும் புடிக்கலண்ணே. ஆனா கேக்கணும். என் மூத்தவன சேக்கும்போது ஒருத்தரும் கேக்கல, கேட்டுருந்தா அன்னைக்கே ஓடிப்போய் போட்டுருப்பேன். பாப்பாவுக்கு இப்ப நாலு வயசு, இன்னமும் ராத்திரி ரெண்டு தடவ எந்திரிச்சு அவ நெஞ்சுல கைய வச்சுப் பாத்துட்டுத்தான் படுக்குறேன்.